கடுகு ஒட்டிய சந்திரக் கப்பல்

காலையில் போன சந்திரக் கப்பல் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே திரும்பி வந்துவிட்டது. அதை மார்போடு அணைத்துக்கொண்டு சைக்கிள் ரிக்‌ஷாவிலிருந்து இறங்கிய வெள்ளைத்துரையின் முகத்தைப் பார்த்ததுமே அவர் மனைவி சண்முகவடிவுக்கு விஷயம் பாதி விளங்கிவிட்டது.

"என்னங்க, ஞாயித்துக்கிழமை வரைக்கும் கண்காட்சியிலதான் இருக்கும்னு சொன்னிய?"

"சேத்துக்க மாட்டோம்னுட்டாவ."

"ஏன், நல்லா இல்லையாமா?"

"ரொம்ப நல்லா இருக்காம். அதான் குத்தமாம்."

நடந்தது இதுதான். மயிலாப்பூரில் ஒரு பொழுதுபோக்குச் சங்கத்தார் ஆண்டுதோறும் கைவேலைக் கண்காட்சி நடத்துவார்கள். சொந்தக் கையால் செய்ததாக இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. மேஜையில் கொஞ்ச நேரம் இருந்த கப்பலைச் சங்கத்தின் காரியதரிசி எட்ட நின்று ஒரு பார்வை பார்த்தார். "இது ஃபாரின் ரெடிமேட் சாமான். டப்பாவைப் பிரிச்சா உள்ளே அப்படியே இருக்கும். எங்க காதுல பூ சுத்தாதீங்க சார்" என்று சொல்லிவிட்டு, தீக்குச்சியால் கட்டிய கோபுரம் ஒன்றைப் பாராட்டப் போய்விட்டார்.

வெள்ளைத்துரைக்குத் தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. வாசலில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிற பொம்மைகளுக்குச் சேலை கட்டிவிடுவது அவர் பொறுப்பு. சந்திரனில் மனிதன் கால் வைத்த செய்தியை எல்லாரையும்போல அவரும் ரேடியோவில்தான் கேட்டார். மற்றவர்கள் மறுநாள் காலை அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். இவர் மட்டும் வருஷக்கணக்காக அங்கேயே தங்கிவிட்டார். மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் அங்கே இறங்கிய கப்பலின் கலர்ப் படம் கிடைத்தது முதல், வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் கையில் பசையும் கத்திரிக்கோலும்தான்.

சும்மா சொல்லக்கூடாது, அந்தக் கைக்குத் தங்கக் காப்பு போட வேண்டும். ராக்கெட் பொம்மை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். நாலு கால், நடுவில் ஒரு டப்பா, உச்சியில் ஒரு கொடி, முடிந்தது வேலை. வெள்ளைத்துரை செய்ததில் உருவத்தைவிட உடம்புதான் அழகு. தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே மயிரிழை அளவு இடைவெளி விட்டிருந்தார். தகட்டின் ஓரமெங்கும் ஆணித் தலைகள் வரிசை பிசகாமல் நின்றன. கால்களைச் சுற்றிய தங்கத் தாள் படத்தில் இருப்பதுபோலவே கசங்கிப் பளபளத்தது. அடியில் நெருப்புக் கக்கும் குழாயைச் சுற்றிக் கரி படிந்திருந்தது. அந்தக் கரியும் தடவி வைத்த மாதிரி இராமல், நெருப்பு சீறிய பக்கம் விரிந்து, போகப் போக மங்கி மறைந்தது.

"எதுக்கு இப்படி அழுக்காக்குதிய? பளிச்சுன்னு வையுங்களேன்" என்று வடிவு கேட்டிருக்கிறாள்.

"சந்திரன்ல எறங்கின கப்பலுல்லா இது? அலுங்காம நலுங்காம புதுசா இருந்தா பொய்யாயிரும்" என்பார் அவர்.

இத்தனை அழகும் கிட்டே போய்ப் பார்த்தால்தான் தெரியும். வீட்டுக்கு வருகிறவர்களோ நின்ற இடத்திலிருந்தே, "ஓ, ராக்கெட்டா? பேஷ் பேஷ்" என்று சொல்லிவிட்டுக் காபி சாப்பிட உட்கார்ந்துவிடுவார்கள். ஒரே ஒரு ஆள், யாராவது ஒரு புண்ணியவான், குனிந்து மூக்கு உரசுகிற அளவுக்குப் பக்கத்தில் போய்ப் பார்க்க மாட்டானா என்று வெள்ளைத்துரை ஏங்கிக் கிடந்தார். கண்காட்சிக்கு அவர் போனதே அந்த ஒரு ஆளைத் தேடித்தான். பரிசு கிரிசு எல்லாம் அதற்கு அப்புறம்.

வடிவும் கிட்டே போய்ப் பார்த்தவள் இல்லை. அவளைப் பொறுத்தவரை அது தினமும் தூசி தட்டவேண்டிய இன்னொரு சாமான். அவளுக்கு வேறு கவலைகள் இருந்தன. அடுப்படியில் அவ்வப்போது ஏதாவது ஒன்று காணாமல் போய்க்கொண்டிருந்தது. ஓமப்பொடி அச்சைத் தூக்கிக்கொண்டு போன எலியை அவள் இன்னும் சபித்துக்கொண்டிருந்தாள்.

கப்பல் திரும்பி வந்த கதையை வெள்ளைத்துரை கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டார். அடுத்த போர்ஷனில் குடியிருந்த சுப்புலக்ஷ்மி மாமியின் காதில் மற்றதெல்லாம் விழாமல் 'ஃபாரின்' மட்டும் தெளிவாக விழுந்தது. மாமி காபித் தம்ளரோடு வாசலில் வந்து நின்றாள்.

"ஏன் சார், உங்காத்துக்கு ஃபாரின் சாமான்லாம் வரதாமே? சொல்லவே இல்லையே!"

"ஃபாரினும் இல்ல ஒண்ணும் இல்ல மாமி. நானே என் கையால செஞ்சது."

மாமி கண்ணைச் சிமிட்டினாள். "தெரியறது, தெரியறது. வெளியில சொல்லப்படாது. நான் மூச்சு விடமாட்டேன். எங்காத்து மாட்டுப்பொண்ணுக்கு ஒரு நைலக்ஸ் புடவை மட்டும் சொல்லி வெச்சுடுங்கோ. ஊதாக் கலரா இருந்தா தேவலை."

"மாமி, சத்தியமாச் சொல்லுதேன்..."

"சத்தியம்லாம் எதுக்கு சார்? நான் என்ன வேத்து மனுஷியா?"

மாமி சொன்ன சொல் தவறவில்லை. மூச்சு விடவில்லை, பேச மட்டும்தான் செய்தாள். சாயங்காலத்துக்குள் தெருவில் பாதிப்பேர் வந்து போய்விட்டார்கள். ஒருவருக்குப் பொத்தானை அமுக்கினால் விரிகிற குடை வேண்டும். இன்னொருவருக்கு ஜப்பான் டார்ச். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் வெட்கப்பட்டுக்கொண்டே சென்ட் பாட்டில் கேட்டார். நானே செய்தது என்று வெள்ளைத்துரை எவ்வளவுக்கு எவ்வளவு அடித்துச் சொன்னாரோ அவ்வளவுக்கு அவ்வளவு, "ஆள் கெட்டிக்காரர், வாய் விடமாட்டேங்கிறார்" என்ற மதிப்புக் கூடியது.

கடைசியில் அவருக்குப் பொறுமை போய்விட்டது. வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்து ஒரே போடாகப் போட்டார்.

"ஆமாய்யா, ஃபாரின்தான்! சிங்கப்பூர்லேருந்து தெரிஞ்சவர் ஒருத்தர் கொண்டாந்தாரு. ஒண்ணே ஒண்ணுதான் வந்துச்சு. இனிமே வராது. போதுமா?"

கூட்டம் கலைந்தது. தொல்லை விட்டது என்று கதவைச் சாத்தினார். அந்த வருஷத்துச் சங்கதியை அவர் மறந்துவிட்டார். எமர்ஜென்சி வந்திருந்த சமயம் அது. எங்கே பார்த்தாலும் கடத்தல் சாமான் ரெய்டு பேச்சு. வீட்டில் ஒரு சிங்கப்பூர் பனியன் வைத்திருந்தவன்கூட அதை உள்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு நடமாடினான்.

மறுநாள் காலை கடைக்குக் கிளம்புகிற நேரத்தில் வடிவின் தம்பி ஜவஹர் மூச்சு வாங்க ஓடி வந்தான். மயிலாப்பூரில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருப்பதால், தனக்கு எல்லாச் சட்டமும் தெரியும் என்பது அவன் எண்ணம்.

"அத்தான், என்ன காரியம் செஞ்சுட்டிய! சிங்கப்பூர்ச் சாமான்னு நீங்களே ஒத்துக்கிட்டியளாமே?"

"ஒத்துக்கிட்டனா? அவனுவ தொல்லை தாங்காம ஒரு பேச்சுக்குச் சொன்னேன்டே."

"பேச்சுக்குச் சொன்னாலும் வாக்குமூலம் வாக்குமூலந்தான. நேத்துக் கண்காட்சிக்கு ஒருத்தர் வந்திருக்காரு. வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட், கையில கறுப்புப் பை. 'காலையில இந்த மேஜையில ஒரு சாமான் இருந்துச்சே, அது யாரோடது, வீடு எங்கே'ன்னு துருவித் துருவிக் கேட்டு அட்ரஸ் வாங்கிட்டுப் போயிருக்காரு. என் சிநேகிதன் அங்கனதான் இருந்தான். வெள்ளை பேன்ட் யாரு போடுவா? கஸ்டம்ஸ்காரன்தான் போடுவான்."

அன்றைக்குக் கடைக்கு லீவு சொல்லி அனுப்பினார்கள். ஜவஹர் யோசனை சொன்னான்.

"அடையாத்துல கொண்டுபோய்ப் போட்டுட்டு வந்துருவோம் அத்தான். தண்ணியில சாட்சி கிடையாது."

"முதல்ல உன்னைத்தான் கொண்டுபோய்ப் போடுவேன்."

வடிவுக்குத்தான் நல்ல யோசனை தோன்றியது, அல்லது அப்போது நல்லதாகத் தோன்றிய யோசனை. "சாமி அலமாரியில வச்சுருவோம். சாமி சாமானை எந்த ஆபீசர் தொடுவான்?"

முருகனுக்கும் லட்சுமிக்கும் நடுவில் இடம் ஒதுக்கிக் கப்பலை ஏற்றினார்கள். வடிவு அதற்கு விபூதியில் மூன்று பட்டை தீட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு முழம் கதம்பமும் சாத்தினாள். "அந்தக் கரி இருக்கிற பக்கம் மட்டும் கை படாமப் பாத்துக்கோ வடிவு" என்று வெள்ளைத்துரை கெஞ்சிக்கொண்டே இருந்தார். அவர் கண் எதிரே அவர் மாதக்கணக்கில் உண்டாக்கிய அழுக்கெல்லாம் மங்களகரமாகிக்கொண்டு வந்தது.

சாயங்காலம் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. டிரைவர் பொன்னுரங்கம் இறங்கிக் கதவைத் திறந்துவிட்டு, மட்கார்டில் சாய்ந்தபடி சுப்புலக்ஷ்மி மாமியிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டான். காரிலிருந்து நெட்டையாக, ஒல்லியாக ஒருவர் இறங்கினார். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட், கறுப்புப் பை.

"மயிலாப்பூர் கண்காட்சியில ஒரு சாமான் பார்த்தேன். அது இந்த வீட்டுலதான் இருக்குன்னு சொன்னாங்க. நான் அதைப் பார்க்கணும்" என்றார்.

"ஐயா யாருன்னு..." என்று இழுத்தார் வெள்ளைத்துரை.

"என் பேரு..." என்று ஆரம்பித்தவரின் கண் அதற்குள் சாமி அலமாரிக்குப் போய்விட்டது. பேர் தொண்டையிலேயே நின்றுபோயிற்று. செருப்பை உதறிவிட்டு நேரே அலமாரிக்கு நடந்தார்.

"இதுக்கு எதுக்கு விபூதி?"

"சாமி சார்" என்றாள் வடிவு.

"எந்தச் சாமி?"

வடிவு கண்ணை மூடித் திறந்தாள். "சந்திர பகவான்."

"அடடா, இப்படி மறைச்சு வச்சிருக்கீங்களே!" என்று அவர் கைக்குட்டையை எடுத்து விபூதியை மெல்ல ஒற்றி எடுத்தார். கப்பலை இரண்டு கையாலும் தூக்கிக் கூடத்து மேஜையில் வைத்தார். பையைத் திறந்து, கடிகாரம் பழுது பார்க்கிறவர்கள் வைத்திருப்பது போன்ற பூதக்கண்ணாடியைக் கண்ணில் பொருத்திக்கொண்டார். முனை வளைந்த ஒரு எஃகு ஊசியையும் கையில் எடுத்தார். பிறகு குனிந்தார். மூக்கு கப்பலில் உரசுகிற அளவுக்குக் குனிந்தார்.

அந்தப் பயத்துக்குள்ளேயும் வெள்ளைத்துரைக்கு ஒரு குளிர்ச்சி ஓடியது. இத்தனை வருஷம் காத்துக் கிடந்த அந்த ஒரு ஆள் கடைசியில் வந்தேவிட்டார், அதுவும் கைது செய்ய வந்திருக்கிறாரே என்று நொந்துகொண்டார்.

வந்தவர் ஊசி முனையால் தகட்டின் இடைவெளியைத் தொடாமல் தொட்டுக்கொண்டு போனார். பிறகு தலையைத் தூக்காமலே கேட்டார்.

"இந்தக் கரி ஒரு பக்கம் மட்டும் மேலே ஏறியிருக்கே, ஏன்?"

இந்தக் கேள்வியை உலகத்தில் ஒருவரும் கேட்டதில்லை. வெள்ளைத்துரைக்குப் பயம் மறந்துபோயிற்று. "கப்பல் நேரா எறங்கலை சார். மேடு பள்ளம் பாத்து, கொஞ்சம் சாஞ்சு எறங்குச்சு. சாஞ்ச பக்கம் நெருப்பு தரையில மோதித் திரும்பி அடிச்சிருக்கும்லா, அதான்..."

ஜவஹர் அவர் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினான். "எனக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்று முடித்தார் வெள்ளைத்துரை.

"இதை எங்கே பண்ணினாங்க?"

"இங்கதான் சார்."

"இங்கேன்னா?"

"இந்த அடுப்படியிலதான். நான்தான் பண்ணினேன்."

வந்தவர் பூதக்கண்ணாடியைக் கழற்றினார். அடுப்படியைப் பார்த்தார், கப்பலைப் பார்த்தார், வெள்ளைத்துரையின் கைகளைப் பார்த்தார். நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார். "அடுப்படியிலயா? என்னால நம்ப முடியலை."

வெள்ளைத்துரையின் காதில் அது கைவிலங்கு மாட்டுகிற சத்தமாகக் கேட்டது. "நிரூபிச்சுக் காட்டுதேன் சார்!" என்று பாய்ந்து, கப்பலின் உச்சியில் வானத்தைப் பார்த்து நின்ற கிண்ணத்தைப் பிடுங்கி மேஜையில் போட்டார். "பாருங்க, இது டீ வடிகட்டி!"

"ஐயோ, எடுக்காதீங்க!" என்று அலறினார் வந்தவர்.

"தடயம் கலைஞ்சிரும்னு பயப்படுதாரு. சீக்கிரம் எடுங்க அத்தான்" என்று ஜவஹர் காதைக் கடித்தான்.

வெள்ளைத்துரை எடுத்தார். ஏணியைப் பிய்த்து அது கொண்டை ஊசி என்று காட்டினார். ஓரங்களில் இருந்த சின்னக் குழல்களைத் திருகி, பற்பசை மூடிகள் என்று உருட்டிவிட்டார். காலைச் சுற்றிய தங்கத் தாளைச் சரக்கென்று உரித்து, "கல்யாணப் பந்தல்ல ஒட்டற ஜிகினா சார் இது! சும்மா ஜிகினா!" என்றார். தன் கப்பலைத் தானே குப்பை குப்பை என்று ஏலம் போட்டார். ஒவ்வொன்று கழன்று விழும்போதும் வந்தவர், "வேண்டாம்... போதும்... சொன்னாக் கேளுங்க..." என்று கையை நீட்டிக்கொண்டு மேஜையைச் சுற்றி வந்தார். அவர் குரல் உயர உயர, இவர் கை இன்னும் வேகமாக ஓடியது.

அடிக் குழாயின் வாயிலிருந்து ஒரு வட்டத் தகடு வந்தது. அதைக் கண்டதும் வடிவு பாய்ந்து கையில் எடுத்தாள்.

"இது என் ஓமப்பொடி அச்சுல்லா!"

வெள்ளைத்துரை தலையைக் குனிந்துகொண்டார். வீட்டில் எலியே கிடையாது என்பது அந்த நிமிஷம் எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. வழக்கமான நாளாக இருந்தால் அங்கேயே ஒரு மகாபாரதம் நடந்திருக்கும். ஆனால் புருஷனைப் பிடித்துக்கொண்டு போக ஆள் வந்து நிற்கும்போது எந்தப் பெண்டாட்டி அச்சுக்காகச் சண்டை போடுவாள்? வடிவு அச்சை வந்தவரின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"பாத்துக்கிடுங்க ஐயா. எங்க அம்மா சீதனமாக் குடுத்தது. எந்தச் சிங்கப்பூர்க்காரன் ஓமப்பொடி பிழியுதான்? இவியளுக்குச் சூதுவாது ஒண்ணும் தெரியாது. திருடினாலும் எங்கிட்டதான் திருடுவாவ."

வந்தவர் அச்சை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணில் ஒத்திக்கொள்ளாத குறை. "சரி, அதுவும் உள்ளூர்தான். ஆனா இந்த ஆணிகள்? இவ்வளவு சின்னதா, உருண்டையா, ஒரே அளவா இந்த ஊர்ல எங்கேயும் கிடைக்காதே. எனக்குத் தெரியும்."

"கடுகு சார்" என்றார் வெள்ளைத்துரை ஈனஸ்வரத்தில்.

"என்னது?"

"கடுகு. சலிச்சு, ஒரே அளவாப் பொறுக்கி, ஊசி முனையில பசை தொட்டு ஒவ்வொண்ணா ஒட்டினது. மேல பெயின்ட்."

வந்தவர் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். "கடுகு..." என்று முணுமுணுத்தார். "கடுகா..."

"நம்பலை அத்தான்" என்றான் ஜவஹர்.

"நம்பலையா? இருங்க, வாரேன்" என்று வடிவு கொண்டையை முடிந்துகொண்டாள். அரிவாள்மனையை எடுத்து, கப்பலின் பக்கவாட்டிலிருந்து ஒரு வரிசை ஆணியைச் சுரண்டி உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். வாணலி ஏறியது, எண்ணெய் காய்ந்தது. முதலில் பெயின்ட் நாற்றத்தோடு குபுகுபுவென்று புகை வந்தது. எல்லாரும் இருமினார்கள். அப்புறம் பட், படபட, படபடவென்று சந்திரக் கப்பலின் ஆணிகள் வாணலியில் வெடித்தன.

"கேட்டியளா?" என்று கரண்டியோடு வெளியே வந்தாள் வடிவு. "கடுகு வெடிக்குது! இன்னும் வேணும்னா மிச்சத்தையும் தாளிச்சுக் காட்டுதேன்!"

"வேண்டாம்மா, வேண்டாம்!" வந்தவர் எழுந்து கும்பிட்டார். அவர் கண்ணில் நீர் வழிந்தது. புகையாக இருக்கும் என்று எல்லாரும் நினைத்தார்கள். மேஜையில் கிடந்த டீ வடிகட்டியை ஒருமுறை, அச்சை ஒருமுறை, வெள்ளைத்துரையை ஒருமுறை பார்த்தார். "நான் இன்னிக்கு வந்திருக்கவே கூடாது. என்னை மன்னிச்சுடுங்க" என்று தழுதழுத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

"ஜெயிச்சுட்டிய அத்தான்!" என்று குதித்தான் ஜவஹர். "மன்னிப்புக் கேட்டுட்டுப் போறாரு. அரசாங்கமே மன்னிப்புக் கேட்டுட்டுப் போவுது!"

வெள்ளைத்துரை மேஜைப் பக்கம் திரும்பினார். மேஜைமேல் பசைத் திட்டுகளோடு ஒரு பழைய பிஸ்கட் டின் நின்றது. சந்திரனுக்குப் போக வேண்டாம், கடைத்தெரு வரைக்கும்கூட எடுத்துப்போக லாயக்கில்லாத டின். அவர் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார்.

வடிவு அவர் பக்கத்தில் வந்து நின்றாள். திட்டப்போகிறாள் என்று அவர் தோளைக் குறுக்கிக்கொண்டார்.

"நான் தெனமும் இதைத் தொட்டுத் துடைச்சவதான" என்றாள் அவள் மெல்ல. "என் வடிகட்டி, என் கொண்டை ஊசி, என் அச்சு, எல்லாம் கண்ணு முன்னாலயே இருந்திருக்கு. ஒண்ணுகூட எனக்கு அடையாளம் தெரியலையே. சந்திரன்லேருந்து வந்த சாமானாட்டம்லா இருந்துச்சு. உங்க கையில அப்படி என்னதான் வச்சிருக்கிய?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவர் கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. வடிவு அச்சை அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டாள்.

"ஒட்டுங்க, மறுபடியும் ஒட்டுங்க. நான் ஓமப்பொடிக்கு வேற அச்சு வாங்கிக்கிடுதேன். கடுகு மட்டும் கேட்டு எடுங்க."

வெள்ளைத்துரை மூக்கை உறிஞ்சினார். "அந்த ஆளு எப்படிப் பாத்தான் பாத்தியா வடிவு? கரி எந்தப் பக்கம் ஏறுதுன்னுகூடக் கண்டுபிடிச்சுட்டானே. அப்படியாப்பட்ட கண்ணு உள்ளவன் போயும் போயும் கஸ்டம்ஸ்ல சேந்துட்டானே!"

அப்போது வாசல் கதவைத் தட்டிவிட்டு டிரைவர் பொன்னுரங்கம் தலையை உள்ளே நீட்டினான். வெள்ளைத்துரை பதறி எழுந்து நின்றார்.

"ஒண்ணியும் இல்ல சார்" என்றான் அவன் தலையைச் சொறிந்துகொண்டு. "எங்க பல்லு டாக்டரு ஐயா கார்ல குந்திக்கினு அழுவுறாரு, அந்த ஜிகினாவைக் கசக்கிட்டு ஒட்டணுமா, இல்ல ஒட்டிட்டுக் கசக்கணுமான்னு மட்டும் உங்களாண்ட கேட்டுக்கினு வரச் சொன்னாரு, அவரும் வூட்ல இதே மேரி ஒரு கப்பலு கட்டிக்கினுகீறாரு சார், இட்லித் தட்டை அறுத்துட்டாருன்னு டாக்டரு சம்சாரம் கோச்சுக்கினு பொறந்த வூட்டுக்கே பூட்டாங்க!"